ஏமாற்றத்துக்கு என்ன விலை?

1969-ம் வருடம், டிசம்பர் 20. லண்டனைச் சேர்ந்த பார்க்கிங் என்ற ஊரிலிருந்து (கார் நிறுத்துகிற பார்க்கிங் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்!) ஒரு மனிதர் பெட்டி படுக்கையோடு சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பினார். பெயர் ஜார்விஸ். உள்ளூராட்சி அலுவலகத்தில் சட்ட வேலை. வருடம் முழுக்க ஃபைல்களோடு மாரடிப்பவர். அவருக்கு வருடத்துக்கு ஒரே ஒரு லீவு, அதுவும் இரண்டே வாரம். மற்றவர்கள் கோடையில் கடற்கரைக்கு ஓடுவார்கள். இவர் குளிர்கால ஆசாமி. கிறிஸ்துமஸைப் பனிமலையில் கொண்டாட வேண்டும், ஸ்கீயிங் பண்ண வேண்டும்!

ஸ்வான்ஸ் டூர்ஸ் என்ற டிராவல்ஸ் கம்பெனி வெளியிட்ட விளம்பரப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. மோர்லியால்ப் என்று ஒரு மலைக் கிராமம். அங்கே ஒரு ஹோட்டல். அந்தப் புத்தகத்தை எழுதிய புண்ணியவானுக்குக் கவிஞராகப் போயிருக்க வேண்டிய கை! வெயிலும் பனியுமாக ஜொலிக்கும் சொர்க்கம், சறுக்கி விளையாட விதவிதமான சரிவுகள், வாரத்தில் பல நாள் திறந்திருக்கும் பார், இங்கிலீஷ் பேசும் அன்பான ஹோட்டல் முதலாளி. போய் இறங்கியதும் வரவேற்பு விருந்து. தினமும் சாயங்காலம் டீயோடு கேக். மெழுகுவத்தி வெளிச்சத்தில் டின்னர். ஒரு நாள் ராத்திரி 'யோட்லர்' கச்சேரி. எல்லாவற்றுக்கும் மேலே, ஹோட்டல் முழுக்க விருந்தாளிகள் ஒரே குடும்பம் போலக் கூடிக் கும்மாளமிடும் 'ஹவுஸ் பார்ட்டி'.

பதினைந்து நாளுக்கு மொத்தம் 63 பவுண்டு சொச்சம். ஜார்விஸ் பணத்தைக் கட்டிவிட்டார்.

போய்ப் பார்த்தால்... முதல் வாரம் ஹோட்டலில் மொத்தமே 13 பேர். சரி, பரவாயில்லை என்று வையுங்கள். இரண்டாவது வாரம் அந்தப் பதின்மூன்றும் குறைந்து ஒன்றானது. அந்த ஒன்று, ஜார்விஸ்! ஹவுஸ் பார்ட்டிக்குக் காசு கட்டிய மனிதர், காலி ஹோட்டலில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். முதலாளியிடமாவது நாலு வார்த்தை பேசலாம் என்றால் அவருக்கு இங்கிலீஷ் வராது. டிராவல்ஸ் கம்பெனி சார்பில் இருந்த அம்மாளும் முதல் வாரத்தோடு போய்விட்டார்.

ஸ்கீயிங்? காலில் கட்டிக்கொள்ளப் பெரியவர்களுக்கான நீளக் கட்டைகள் இல்லை. மூணடி நீளத்தில் 'மினி' கட்டைகள்தான் இருந்தன. இரண்டாவது வாரம் எங்கிருந்தோ நீளமானவை வந்தன. மாட்டிக்கொண்டு இறங்கினால், பூட்ஸ் கடித்துக் கால் புண்ணாகிவிட்டது. அத்தோடு அந்த ஆட்டமும் க்ளோஸ்! கேக் என்று சொன்னார்களே? உருளைக்கிழங்கு சிப்ஸும் காய்ந்து போன குட்டிக் கேக்குகளும்தான் வந்தன. பாரைத் திறந்தது ஒரே ஒரு ராத்திரி.

அந்த யோட்லர் கச்சேரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். யோட்லிங் என்றால் தெரியுமல்லவா? நம்ம சந்திரபாபு பாட்டுக்கு நடுவே தொண்டையைச் சட்டென்று உச்சத்துக்குத் தூக்கி இறக்குவாரே, அதே சமாசாரம்தான். ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் சொத்து. அன்றைக்கு ராத்திரி உள்ளூர்க்காரர் ஒருவர் வேலை செய்த உடுப்போடு அப்படியே வந்தார். விறுவிறுவென்று நாலைந்து பாட்டைப் பாடினார். போய்விட்டார். கச்சேரி முடிந்தது!

ஊர் திரும்பிய ஜார்விஸ், 'எல்லாம் என் தலையெழுத்து' என்று விட்டுவிடவில்லை. வழக்குப் போட்டார்.

'அடப் போங்க சார், கேக் சரியில்லைன்னு எல்லாமா கோர்ட்டுக்குப் போவாங்க?' என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். கீழ்க் கோர்ட்டு நீதிபதி அந்த அளவுக்குப் போகவில்லை. கம்பெனி சொன்னபடி நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால், கணக்கை வேறு மாதிரிப் போட்டார். போக வர விமானம் கிடைத்தது, தங்க அறை கிடைத்தது, சாப்பாடு கிடைத்தது. ஆக, கொடுத்த காசில் பாதி மதிப்பு கிடைத்துவிட்டது. மீதிப் பாதியை வாங்கிக்கொள். 31 பவுண்டு 72 பென்ஸ். முடிந்தது கதை!

சரி, பாழாய்ப் போன அந்தக் கிறிஸ்துமஸ்? வருடம் பூரா காத்திருந்த அந்த இரண்டு வாரம்? அதற்கு?

அதற்குச் சட்டத்தில் விலை கிடையாது. அந்த நீதிபதி மனசாட்சி இல்லாதவர் என்று அர்த்தமில்லை. சுமார் நூறு வருடமாக இங்கிலாந்துச் சட்டம் அப்படித்தான் இருந்தது.

அது எங்கே ஆரம்பித்தது? ஒரு ரயிலில்! ஹாப்ஸ் என்பவர் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு விம்பிள்டன் ஸ்டேஷனில் நள்ளிரவு ரயில் ஏறினார். போக வேண்டியது ஹாம்ப்டன் கோர்ட். ரயிலோ தடம் மாறிப் போய் ஈஷர் என்ற ஊரில் இறக்கிவிட்டுவிட்டது. அந்த நேரத்தில் வண்டி கிடைக்கவில்லை. தங்க விடுதியும் கிடைக்கவில்லை. தூறலில் குழந்தைகளோடு நாலைந்து மைல் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள். மனைவி ஜலதோஷம் பிடித்துப் படுத்துவிட்டார். ஜூரிகள் நடந்த கஷ்டத்துக்கு 8 பவுண்டு, மனைவியின் நோய்க்கு 20 பவுண்டு என்று எழுதினார்கள். 1875-ல் மேல் கோர்ட்டு அந்த இருபதை அடித்துவிட்டது. ஒரு ஸ்டேஷனுக்குப் பதிலாக இன்னொன்றில் இறக்கிவிட்டால் ஒரு பெண்மணிக்குச் சளி பிடிக்கும் என்று ரயில்வே கம்பெனி எப்படி எதிர்பார்த்திருக்க முடியும் என்பது வாதம்! போகிற போக்கில் நீதிபதி மெல்லர் ஒன்று சொன்னார். வாக்குத் தவறியதால் வரும் எரிச்சல், கோபம், ஆசை வைத்த ஒன்று கிடைக்காத ஏமாற்றம், இதற்கெல்லாம் நஷ்டஈடு கேட்க முடியாது. உடம்பால் அனுபவித்த கஷ்டம் இருக்க வேண்டும். அதாவது, கால் வலித்தால் காசு உண்டு. மனசு வலித்தால் கிடையாது.

1909-ல் பிரபுக்கள் சபை இதன் மேல் இன்னொரு பூட்டுப் போட்டது. அந்த வழக்குக்கு நம் ஊர்த் தொடர்பு உண்டு. கிராமபோன் கம்பெனியின் கல்கத்தா கிளை மேனேஜர் அடிஸ் என்பவரை, நோட்டீஸ் காலம் முடிவதற்குள்ளேயே ஓரங்கட்டி, அவர் நாற்காலியில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டார்கள். ஊர் முன்னால் பட்ட அவமானத்துக்கும் சேர்த்து நஷ்டஈடு கேட்டார் அவர். சம்பளம், கமிஷன் பாக்கியை வாங்கிக்கொள், அவமானத்துக்கு எல்லாம் தர முடியாது என்றது பிரபுக்கள் சபை.

வியாபாரிகள் உலகத்துக்கு இது சரிதான். நூறு மூட்டை பருத்தி தருகிறேன் என்று சொல்லிவிட்டு எண்பது மூட்டை தந்தால், இருபது மூட்டையின் விலையைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வாங்கியவர் ராத்திரி தூங்கினாரா, அழுதாரா என்று கோர்ட்டு கேட்க ஆரம்பித்தால் கடைத்தெரு நடக்காது. ஆனால், விற்கிற சரக்கே சந்தோஷம்தான் என்றால்?

அந்தச் சரக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பெரிய அளவில் கடைக்கு வந்தது. விளாதிமிர் ரைட்ஸ் என்பவர் ஹொரைஸன் என்று ஒரு கம்பெனி தொடங்கி, 1950-ல் 32 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கார்சிகா தீவுக்கு ஆள் கூட்டிப் போனார். தங்கியது ஹோட்டலில் இல்லை, கூடாரத்தில்! ஆனாலும், பள்ளிக்கூட வாத்தியாரும் குமாஸ்தாவும் விமானம் ஏறி மத்தியதரைக் கடலில் குளிக்க முடிந்தது என்பது சாதாரண விஷயமா? அடுத்த இருபது வருடத்தில் லட்சக்கணக்கானவர்கள் கிளம்பிவிட்டார்கள். கடற்கரைகளில் ஹோட்டல்கள் காளான்களாக முளைத்தன. கட்டி முடிப்பதற்கு முன்பே அறைகளை விற்றார்கள். 'இதோ இருக்கிறது நீச்சல் குளம்' என்று புத்தகத்தில் படம் இருக்கும். போய்ப் பார்த்தால் பள்ளம் இருக்கும். பொய்யான விளம்பரத்தைக் குற்றமாக்கி 1968-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். பாதி கட்டிய ஹோட்டலில் மாட்டிக்கொள்ளும் உல்லாசப் பயணிகளை வைத்து 'கேரி ஆன் அப்ராட்' என்று ஒரு சிரிப்புப் படம் வந்தது. வருடம் 1972.

அதே 1972-ல்தான் ஜார்விஸின் அப்பீல், லார்ட் டென்னிங் முன்னால் வந்தது.

டென்னிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியாது. ஹாம்ப்ஷயரில் துணிக்கடைக்காரர் மகன். 1899-ல் பிறந்து, 1999-ல் நூறு வயதில் இறந்தவர். இருபது வருடம் இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட்டுக்குத் தலைமை. மற்ற நீதிபதிகளின் தீர்ப்பைப் படிக்கத் தலைவலி மாத்திரை தேவைப்படும். இவருடைய தீர்ப்போ சிறுகதை மாதிரி ஓடும். குட்டிக் குட்டி வாக்கியங்கள். ஒரு கோரமான கார் விபத்து வழக்கின் தீர்ப்பையே பூக்கள் பூக்கும் பருவத்தைச் சொல்லித்தான் ஆரம்பித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நியாயம் ஒரு பக்கமும் பழைய தீர்ப்பு இன்னொரு பக்கமும் இருந்தால், பழைய தீர்ப்பை ஓரமாக நகர்த்தி வைக்கக் கூச்சப்படாதவர். இதனால் மேலே இருந்த பிரபுக்கள் சபையிடம் பலமுறை குட்டு வாங்கியிருக்கிறார்.

ஜார்விஸின் கதையை டென்னிங் ஒன்றுவிடாமல் சொன்னார். மூணடிக் கட்டை, காய்ந்த கேக், யோட்லரின் உடுப்பு, எதையும் விடவில்லை. எழுதிப் பார்த்தால் இவையெல்லாம் அற்ப விஷயமாகத் தெரியும், ஆனால் அந்த மனிதர் மனதில் பெரிதாகத்தான் இருந்திருக்கும் என்றார். பிறகு, ஒரு உதாரணம். வெளியூரில் ஒரு நாள் ஆபரா. அதற்கு ஒருவர் டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறார். அந்த ஒரு ராத்திரி விட்டால் வேறு நாள் கிடையாது. போவதற்கு வாடகைக் கார் ஏற்பாடு செய்கிறார். கார் வரவில்லை. அவருக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதுமா? போன ராத்திரியின் சந்தோஷம்?

உல்லாசத்தை விற்பதற்கென்றே போட்ட ஒப்பந்தம் என்றால், வாக்குத் தவறியவர் ஏமாற்றத்துக்கும் மன வருத்தத்துக்கும் சேர்த்துத்தான் தர வேண்டும். பழைய வரம்பு காலாவதியாகிவிட்டது என்றார் டென்னிங். கூட உட்கார்ந்திருந்த இரண்டு நீதிபதிகளும் தலையசைத்தார்கள். 31 பவுண்டு 125 பவுண்டு ஆனது. கட்டிய காசைப் போல இரண்டு மடங்கு!

ஜார்விஸுக்குக் கிடைத்த அந்தத் தொகையை விட, அவரது 'இரண்டு வாரம்' முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பணக்காரனுக்கு ஒரு லீவு கெட்டால் அடுத்த மாதம் இன்னொரு லீவு. மாதச் சம்பளக்காரனுக்கு அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்த வழக்கு, நமக்குப் பக்கத்து வீடு. சிலோன்!

ஜாக்ஸன் என்பவர், இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். அந்த வயதிலேயே தொழிலில் நன்றாகச் சம்பாதித்துவிட்டார். சின்னச் சின்னக் குழந்தைகள் மூன்று பேர். அதில் மூன்று வயது இரட்டைப் பையன்கள் உண்டு. உழைத்துக் களைத்துப் போன மனிதர், மனைவியையும் இரட்டையரையும் கூட்டிக்கொண்டு எங்காவது வெயிலில் போய் விழ வேண்டும் என்று நினைத்தார். ஹொரைஸன் கம்பெனிக்கு (அதேதான், கூடாரத்தில் ஆரம்பித்த கம்பெனி!) கடிதம் எழுதினார். எல்லாம் உயர்தரமாக இருக்க வேண்டும், குழந்தைகள் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே கதவு இருக்க வேண்டும் என்று கறாராகக் கேட்டிருந்தார். கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தலை முனையில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பெகாஸஸ் ரீஃப் ஹோட்டலில் நான்கு வாரம் என்று முடிவானது. 1,432 பவுண்டு.

கிளம்பும் நேரம் நெருங்கியபோது, அந்த ஹோட்டல் இன்னும் ரெடியாகவில்லை என்று தகவல் வந்தது. 1966-ல்தான் சிலோனில் சுற்றுலா வாரியமே அமைத்திருந்தார்கள். அவசர அவசரமாக ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். பதிலுக்கு இன்னொரு கடற்கரை ஹோட்டல். விலையை 1,200 ஆகக் குறைத்தார்கள். 1971 ஜனவரியில் போய் இறங்கினார்கள்.

நடுக்கதவும் இல்லை, ஒன்றும் இல்லை. குழந்தைகளின் அறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சைக் காளான். கறை படிந்த டாய்லெட். அழுக்கு ஷவர். அந்த அறையில் பிள்ளைகளைப் படுக்கவைக்க மனம் வராமல், முதல் மூன்று நாள் நாலு பேரும் ஒரே அறையில். ஒற்றைக் கட்டில் ஒன்றில் இரட்டையர், இன்னொன்றில் புருஷனும் பெண்டாட்டியும்! பிறகு, ஹோட்டலிலேயே நல்லது என்று சொன்ன இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே படுக்கை விரிப்பு அழுக்கு. புத்தகத்தில் போட்டிருந்த நீச்சல் குளம் இல்லை, மினி கோல்ஃப் இல்லை, அழகு நிலையம் இல்லை.

எல்லாவற்றையும் விட மோசம் சாப்பாடு என்றது தீர்ப்பு. ஏனாம்? தேங்காய் எண்ணெயில் சமைத்த வாடையாம்! நாகர்கோவில்காரர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். சிலோனுக்குப் போய்விட்டுத் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்பது, மதுரைக்குப் போய்விட்டு மல்லிகை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்பது மாதிரிதான். பூஞ்சைக்கும் அழுக்குக்கும் கம்பெனியின் மேல் கோபப்பட்டது நியாயம். எண்ணெய் விஷயத்தில் என் ஓட்டு சிலோன் சமையல்காரருக்கே!

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, முதலில் சொன்ன புது ஹோட்டலுக்கே மாறினார்கள். அங்கே இன்னும் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டட வேலை என்றால் சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? இருந்தாலும், பழையதற்கு இது எவ்வளவோ தேவலை. அவர்கள் ஊர் திரும்பிய சில வாரங்களில், 1971 ஏப்ரலில், அந்தத் தீவில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் செத்துப் போனார்கள். லண்டன் கோர்ட்டின் கணக்கில் அதற்கு இடமில்லை.

கம்பெனி தவற்றை ஒப்புக்கொண்டுவிட்டது. தகராறெல்லாம் தொகையில்தான். கீழே 1,100 பவுண்டு கொடுத்திருந்தார்கள். கம்பெனி அப்பீல் போக, மறுபடி டென்னிங்! இந்த முறை ஒரு சிக்கல். ஒப்பந்தம் போட்டவர் கணவர் மட்டும். இங்கிலாந்துச் சட்டப்படி ஒப்பந்தத்தில் இல்லாதவர் அதை வைத்து எதுவும் கேட்க முடியாது. அப்படியானால் பூஞ்சை அறையில் அவதிப்பட்ட மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்?

டென்னிங் மறுபடி உதாரணங்களை அடுக்கினார். நண்பர்களுக்காக ஒருவர் ரெஸ்டாரன்டில் விருந்துக்குச் சொல்கிறார். சர்ச்சில் பாடும் குழுவுக்காகப் பாதிரியார் பஸ் ஏற்பாடு செய்கிறார். சொன்னபடி நடக்காவிட்டால் ஏமாறுவது அவர் ஒருவர் மட்டுமா? கணவர் ஒருவருக்கு மட்டும் என்றால் 1,100 அதிகம்தான். மனைவி, குழந்தைகள் பட்ட பாட்டையும் சேர்த்தால் சரி என்று அப்பீலைத் தள்ளினார். இந்த வாதத்தைப் பிரபுக்கள் சபை 1980-ல் இன்னொரு வழக்கில் ஏற்க மறுத்தது. தொகை சரி, காரணம் தப்பு என்கிற மாதிரியான குட்டு! ஆனால், 1992-ல் வந்த பேக்கேஜ் சுற்றுலா விதிகள் கூடவே போகிறவர்களுக்கும் உரிமை கொடுத்தன. 1999-ல் பொதுச் சட்டமே மாறியது. கிழவர் அந்த வருடம்தான் கண்ணை மூடினார்.

பழைய கதவு திறந்ததும் எல்லோரும் உள்ளே வந்துவிடவில்லை. சாதாரண வியாபார ஒப்பந்தங்களுக்கு இன்றைக்கும் பழைய விதிதான். சந்தோஷமோ நிம்மதியோதான் சரக்கு என்றால் மட்டுமே இந்தக் கணக்கு. ஸ்காட்லாந்தில் கல்யாணத்துக்கு வரவேண்டிய போட்டோகிராபர் வராமல் போக, 1971-லேயே மணப்பெண்ணுக்கு 30 பவுண்டு கொடுத்தார்கள். இன்னொருவர், ஓய்வு பெற்ற பிஸினஸ்மேன். கேட்விக் விமான நிலையத்திலிருந்து சில மைல் தள்ளி வீடு வாங்கும் முன், 'விமானச் சத்தம் வருமா என்று குறிப்பாகப் பாருங்கள்' என்று சர்வேயரிடம் கேட்டிருந்தார். பெரிதாக இருக்காது என்றார் சர்வேயர். குடி போனால், இறங்க இடம் கிடைக்காத விமானங்கள் வட்டமடிக்கிற பாதை தலைக்கு மேலேயே! வீட்டின் சந்தை விலையில் ஒரு பென்ஸ் குறையவில்லை. இருந்தாலும், தோட்டத்தில் அமைதியாக உட்கார முடியாமல் போன காலை வேளைகளுக்காக 10,000 பவுண்டு கொடுத்தது செல்லும் என்று 2001-ல் பிரபுக்கள் சபையே சொல்லிவிட்டது.

நம் நாட்டில் 1986 டிசம்பர் 24-ம் தேதி, சரியாகக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். லக்னோ வளர்ச்சி ஆணையத்தின் மேல் ஒருவர் போட்ட வழக்கில், மன உளைச்சலுக்கும் அலைக்கழிப்புக்கும் சேர்த்தே நஷ்டஈடு தரலாம் என்று 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு அழுத்திச் சொன்னது. பேப்பரில் 'மன உளைச்சலுக்கு இத்தனை ஆயிரம்' என்று படிக்கிறோமே, அந்த வரிக்குப் பின்னால் இருப்பது இந்தத் தீர்ப்பு. 2020-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் இன்னொரு சௌகரியம். ஹோட்டல் கொடைக்கானலில் இருந்தாலும் சரி, குலுமணாலியில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. ரசீதையும் அவர்கள் காட்டிய விளம்பரத்தையும் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜார்விஸ் வழக்கில் நீதிபதிகள் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தது, அந்த வழவழப்பான புத்தகத்தைத்தான்.